உப்பாத பலகை எது?

"பிளைவுட் நல்லதா, எம்.டி.எஃப். நல்லதா?" என்றுதான் பெரும்பாலான பேச்சு ஆரம்பிக்கிறது. (பிளைவுட் மரத்தாள்களை அடுக்கி ஒட்டிய பலகை, எம்.டி.எஃப். மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை.) "அது எங்கே நிற்கப் போகிறது? அதன் முதுகு எந்தச் சுவரைப் பார்க்கும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்கு அலுப்பு வரும். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்ற முகபாவம் நன்றாகவே தெரியும். என் பிழைப்பில் புது அலமாரி செய்வது ஒரு பாதி, பழையதைக் கழற்றுவது மறு பாதி. அந்தக் கழற்றுகிற பாதியில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கேள்விகள்.

கழற்றிய அலமாரிகளில் பலகையின் நடுப்பகுதி கெட்டிருப்பது அபூர்வம். சிங்க்குக்குக் கீழே குழாய் நுழைய வெட்டிய ஓட்டையைச் சுற்றி வளையமாக உப்பியிருக்கும். தரையைத் தொட்டு நின்ற பக்கப்பலகையின் அடிப்பாகம் இரண்டு விரல் உயரத்துக்குப் பருத்து, மேலே ஒட்டிய லேமினேட் தாள் வாய் பிளந்திருக்கும். கீல் ஸ்க்ரூ பிடித்திருந்த இடம் பொடியாகக் கொட்டும். படுக்கையறை அலமாரியின் பின்பலகை வெளிச்சுவரைப் பார்த்த பக்கம் மட்டும் கறுப்பாகப் பூசணம் பூத்திருக்கும். அந்தப் பூசணத்தைத் தின்ன வந்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வெளிர்நிறப் பூச்சிகள் ஓடும். "துணி அலமாரியில் பூச்சி" என்று மருந்தடிப்பவர்கள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். பூச்சிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை.

என்னோடு வேலை செய்யும் தச்சர் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "மேல்முகத்தப் பாத்து வாங்காதீங்கக்கா, வெட்டுவாயப் பாத்து வாங்குங்க." பலகை தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். மேல்முகத்தில் லேமினேட் இருக்கிறது, அதற்கு அடியிலும் இறுக்கமான அடுக்கு இருக்கிறது. வெட்டிய விளிம்பில் இரண்டுமே கிடையாது.

சரி, முதலில் காற்றைப் பற்றி. ஐரோப்பிய தரநிலைகளில் மரப்பலகைகளுக்கு 'உலர்ந்த சூழல்' என்றால் என்ன என்று ஒரு வரையறை உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தை ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே தாண்டும் இடம் அது. 85 சதவீதம் வரை போகலாம் என்றால் அது 'ஈரச் சூழல்'. கடலோரத்திலோ, மாதக்கணக்கில் மழை பெய்யும் இடத்திலோ, ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிறவர்கள் ஒரு சின்ன ஈரப்பதமானியை வாங்கிக் கூடத்தில் வைத்துப் பார்க்கட்டும். 75, 80 என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் படாத படுக்கையறைகூட அந்தக் கணக்கில் ஈரச் சூழல்தான். பலகை விற்கிறவர் "இது உள்வேலைக்குத்தான், தாராளமாகப் போடலாம்" என்று சொல்லும்போது அவர் மனதில் இருக்கும் 'உள்' வேறு, நம் வீட்டின் 'உள்' வேறு. மரச்சீவலைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில், ஐரோப்பிய முத்திரை பி2 என்றிருந்தால் உலர்ந்த அறைக்கானது, பி3 என்றிருந்தால் ஈரச் சூழலில் பாரம் தாங்காத வேலைக்கானது, பி5 என்றால் ஈரச் சூழலில் பாரமும் தாங்கும். எம்.டி.எஃப்.பில் ஈரச் சூழலுக்கானதற்கு எச் என்ற எழுத்து சேர்ந்து வரும். கண்ணாடி போட்டுப் படித்தாவது இதைப் பார்த்துவிடுங்கள்.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதும் விடுவதுமாகவே இருக்கும். 65 சதவீதக் காற்றில் தன் உலர் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். 80 சதவீதக் காற்றில் அது 16 சதவீதத்துக்கு ஏறும். பொடித்து ஒட்டிய பலகையில் இந்த எண்கள் கொஞ்சம் குறையும், குணம் மாறாது.

பார்ட்டிகிள் போர்டை 1930களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் ஹிம்மல்ஹேபர். அறுவை ஆலையில் வீணாகும் சீவலையும் தூளையும் பயனாக்குவதுதான் நோக்கம். நல்ல யோசனை. ஆனால் குளிர்காலம் முழுக்க அறையைச் சூடேற்றும் ஊரில் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். அந்தக் காற்றில் முப்பது வருஷம் நிற்கிற அலமாரியைக் காட்டி, புழுக்கமான ஊரிலும் நிற்கும் என்று சொல்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

உப்பிய பலகை காய்ந்தால் பழையபடி ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஹேர் டிரையர் வைத்துக் காய வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண மரக்கட்டை ஈரத்தில் பருத்து, காய்ந்தால் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பும். பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் திரும்பாது. சீவலையும் நாரையும் பசையோடு கலந்து, சூடான அழுத்த எந்திரத்தில் நசுக்கி, நசுங்கிய நிலையிலேயே பசையை இறுக விட்டுத்தான் இவற்றைச் செய்கிறார்கள். ஒவ்வொரு சீவலும் உள்ளே அமுக்கி வைத்த ஸ்பிரிங். தண்ணீர் உள்ளே போனதும் மரம் இளகும், பசைப்பிடி தளரும், ஸ்பிரிங் விடுபடும். அப்புறம் காய வைத்தால் தண்ணீர் போகும், விடுபட்ட ஸ்பிரிங்கைத் திரும்ப அமுக்க வீட்டில் யாரிடமும் எந்திரம் இல்லை. பிளைவுட்டில் மரத்தாள்களை இப்படி அதிகமாக நசுக்குவதில்லை. அதனால் அது ஈரத்தில் பருத்தாலும் பெரும்பாலும் திரும்பிவிடும். பசை விட்டுத் தாள் பிரிந்தால்தான் கதை முடியும்.

பசையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. விலை மலிவானது யூரியா ஃபார்மால்டிஹைட் பசை. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும், சிதையும்போது ஃபார்மால்டிஹைட் வாயுவை வெளியே விடும். மெலமைன் கலந்த பசை இதைவிட உறுதி. ஃபீனால் பசை கொதிநீரையும் தாங்கும். அது கரும்பழுப்பு நிறத்தில் இருப்பதால் பிளைவுட்டின் வெட்டுவாயில் தாள்களுக்கு நடுவே கருங்கோடாகத் தெரியும். கோடு வெளிறியிருந்தால் உடனே குறைபட வேண்டாம், மெலமைன் பசையும் வெளிறித்தான் இருக்கும். ஆனால் தண்ணீரைத் தாங்கும் உயர்தரம் என்ற பொருளில் "மரைன்" என்று சொல்லி விற்கிறவரிடம் எந்தப் பசை என்று கேட்க அது ஒரு காரணம்.

இனி பலகைகள். எல்லாவற்றையும் சமமாகச் சொல்லப் போவதில்லை, எனக்கு அதிகம் பழக்கமானவற்றைப் பற்றியே அதிகம் சொல்வேன்.

சாதாரண பார்ட்டிகிள் போர்டைப் புழுக்கமான ஊரில் நான் போடுவதில்லை. அவ்வளவுதான்.

எம்.டி.எஃப். சாதாரண வகையும் அதே கதைதான், பெயின்ட் அடித்த கதவுக்கு அழகாக வரும் என்பதைத் தவிர. பச்சை நிறத்தில் வருவது ஈரம் தாங்கும் வகை. அந்தப் பச்சை அடையாளத்துக்காகக் கலந்த சாயம் மட்டுமே, சாயத்துக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை. உள்ளே பசை மாறியிருக்கிறதா, 24 மணிநேரம் நீரில் போட்டால் எத்தனை சதவீதம் உப்பும் என்று ஆலை எழுதியிருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

எச்.டி.எச்.எம்.ஆர். என்று விற்பது இன்னும் அடர்த்தியான நார்ப்பலகை. கன மீட்டருக்கு 850 கிலோ அளவில் வரும். சமையலறைப் பெட்டிகளுக்கு இப்போது நான் அதிகம் போடுவது இதைத்தான், நன்றாகவே நிற்கிறது. ஆனால் பெயரை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீட்டர் பலகையின் கன அளவு ஏறத்தாழ 0.0536 கன மீட்டர். 850 அடர்த்தி என்றால் ஒரு முழுப்பலகை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. 700 என்றால் 37 கிலோ சொச்சம், 600 என்றால் 32 கிலோ. இறக்கும்போது இரண்டு பேர் முனகாமல் தூக்கினால் எனக்குச் சந்தேகம் வரும்! இதன் விளிம்பில் நேராக ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துகொள்ளும். முன்னோட்டை போட்டு, அதற்கென்று வரும் தடித்த ஸ்க்ரூவைத்தான் போட வேண்டும்.

பிளைவுட்டில் எம்.ஆர். என்ற முத்திரையைப் பார்த்து நிறையப் பேர் நிம்மதியடைகிறார்கள். அது ஓரளவு ஈரத்தைத் தாங்கும் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. பி.டபிள்யூ.ஆர். கொதிநீரை எதிர்க்கும் பசை. மரைன் தரத்தில் மாதிரித் துண்டை 72 மணிநேரம் கொதிக்க வைத்துச் சோதிக்கிறார்கள். சமையலறைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் அந்தத் தரம் நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனை பசையைப் பற்றியது. நடுவில் உள்ள மரத்தாள் அப்போதும் மரம்தான். ஈரம் குடிக்கும், பூசணம் பிடிக்கும், மருந்து ஏற்றாவிட்டால் உளுக்கவும் செய்யும். இன்னொன்று, வெட்டுவாயில் தாள்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அந்தப் பலகையை ஒதுக்கிவிடுங்கள். அந்தச் சந்து ஸ்க்ரூவையும் பிடிக்காது, ஈரத்துக்கும் பூச்சிக்கும் வழி விடும். விரல் முட்டியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் பொள்ளென்ற சத்தம் உள்ளே இருக்கும் பள்ளத்தைக் காட்டிவிடும்.

ஆளுயரத்துக்கு மேல் போகும் நீளக் கதவுக்குப் பிளைவுட் வளையும். அங்கே நல்ல காய்ந்த மரச்சட்டங்களை நடுவே அடுக்கி, இருபுறமும் மரத்தாள் ஒட்டிய பிளாக் போர்டு நேராக நிற்கும். தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு அது வேண்டாம்.

டபிள்யூ.பி.சி. பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி அதை எங்கும் போடலாம் என்கிறது, இன்னொன்று பிளாஸ்டிக் என்று முகம் சுளிக்கிறது. வீட்டு உள்வேலைக்கு வருவது பெரும்பாலும் பி.வி.சி.யோடு மரத்தூள் கலந்து நுரைத்த பலகை. உப்பாது, கரையானுக்குச் சாப்பாடு ஆகாது. சிங்க்குக்குக் கீழ் தரைப்பலகை, குளியலறை வாஷ்பேசின் அடி, குளியலறைக் கதவு நிலை எல்லாவற்றுக்கும் இதைத்தான் நான் சொல்வேன். ஆனால் நீளத் தட்டு போட்டால் தொய்யும். வெப்பத்தில் பி.வி.சி. நீளும் அளவு மரம் நீளும் அளவைப் போலப் பத்து மடங்குக்கு மேல். 80 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும், அதனால் அடுப்புக்கும் மின் ஓவனுக்கும் பக்கத்தில் கூடாது. ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றிப் பூட்டினால் பிடிப்பு போய்விடும். எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். பொதுவாகத் தானே அணைந்துவிடும் ரகம் என்றாலும் அந்தப் புகை நல்லதல்ல.

மக்னீசியம் ஆக்சைடு பலகையைப் பற்றியும் கேட்கிறார்கள். தீப்பிடிக்காது, பூசணம் பிடிக்காது, கரையான் தொடாது, எல்லாம் உண்மை. டென்மார்க்கில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல கட்டடங்களில் வெளிச்சுவர் உறைக்கு அடியில் இதைப் போட்டார்கள். அதில் பிணைப்புக்காக இருந்த மக்னீசியம் குளோரைடு உப்பு, ஈரக்காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, பலகை வியர்த்து, உப்புத் தண்ணீராகச் சொட்டியது. ஆணிகள் துருப்பிடித்தன, அருகிலிருந்த மரம் நனைந்தது. கடைசியில் பலகைகளைப் பிடுங்க வேண்டியதாயிற்று. எல்லா மக்னீசியப் பலகையும் அப்படியல்ல, குளோரைடுக்குப் பதில் சல்ஃபேட் பிணைப்பு உள்ளதும் வருகிறது. ஆனால் 80 சதவீத ஈரப்பதத்தில் வாழ்கிறவர் வாங்குவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இப்போது விளிம்பு. நல்ல பலகையை வாங்கி விளிம்பை விட்டுவிட்டால் சுமாரான பலகையை ஒழுங்காக மூடியவர் ஜெயித்துவிடுவார். ஆறு பக்கமும் மூட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்பில் மட்டும் எட்ஜ் பேண்ட் என்ற விளிம்புப் பட்டையை ஒட்டி, அடிவிளிம்பையும் பின்விளிம்பையும் மூடாமல் விட்டுவிடுவது எங்கும் நடக்கிறது. கழற்றும்போது உப்பியிருப்பது அந்த இரண்டு விளிம்புகள்தான். எட்ஜ் பேண்டுக்கு வழக்கமான சூட்டுப் பசைக்குப் பதில் பாலியுரித்தேன் பசையில் ஒட்டித் தரும் பட்டறை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வழக்கமான பசை அடுப்பருகே இளகும், பாலியுரித்தேன் பசை காற்றின் ஈரத்தை வைத்தே இறுகுவது, பிறகு சூட்டுக்கும் நீருக்கும் அசையாது. குழாய் ஓட்டை, ஸ்விட்ச் பெட்டிக்கு வெட்டியது, கீலுக்குக் குடைந்த 35 மில்லிமீட்டர் குழி எல்லாவற்றின் உள்வாயிலும் பிரைமரோ பாலியுரித்தேன் வார்னிஷோ தடவ வேண்டும். வேலை முடிகிற கடைசி நாளில் பிளம்பர் வந்து புதிதாக ஓட்டை போடுவார். அந்த ஓட்டைதான் அடுத்த வருஷத்துப் புகார், அதனால் ஒரு சின்ன டப்பா வார்னிஷை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

லேமினேட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினாலும் வில்லங்கம். ஒட்டாத பக்கம் ஈரம் குடித்து நீளும், ஒட்டிய பக்கம் நீளாது, கதவு வளையும். உள்பக்கத்துக்கு மெல்லிய தாளாவது போட்டே ஆக வேண்டும்.

ஏ.சி. உள்ள அறை தனி விவகாரம். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளியாகப் பனிக்க ஆரம்பிக்கும். இரவெல்லாம் 24இல் ஏ.சி. ஓடிய அறையில் பலகையும் 24தான். காலையில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு "கொஞ்சம் காற்று வரட்டும்" என்று ஜன்னலைத் திறந்தால், வெளிக்காற்று நேராக அலமாரிப் பலகையில் பனிக்கும். கண்ணாடியில் தெரிவது பலகையில் தெரியாது, அதுதான் வித்தியாசம். இதற்குப் பலகையை மாற்றிப் பயனில்லை. அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஓரிரு விரல் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று போய்வர வழி வைக்க வேண்டும். சுவரோடு ஒட்டிப் பொருத்தினால்தான் இடம் மிச்சம் என்கிற வீட்டுக்காரர்களோடு நான் அதிகமாகச் சண்டை போடுவது இந்த இரண்டு விரலுக்காகத்தான். சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்தப் பலகையையும் அதன் முன்னால் நிறுத்தக் கூடாது. புதுக் கட்டடத்தில் பூச்சு காய மாதங்கள் ஆகும், குடிபுகும் அவசரத்தில் அதையும் மறந்துவிடுகிறார்கள்.

தரையில் பலகையை நேரடியாக வைக்காதீர்கள். நூறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தி, முன்னால் கழற்றக்கூடிய மறைப்பு வைத்தால், தரை துடைக்கும் தண்ணீரும் எட்டாது, உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. கடையிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டு வாங்கி, வெர்னியர் அளவுகோலில் தடிமனை அளந்து எழுதுங்கள். 24 மணிநேரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். எடுத்து அளந்து, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு மறுபடி அளங்கள். எவ்வளவு உப்பியது என்பதைவிட எவ்வளவு திரும்பியது என்பதுதான் எனக்கு முக்கியம். கடை முகப்பில் கண்ணாடிக் குடுவையில் மூழ்கிக் கிடக்கும் துண்டு எதையும் நிரூபிப்பதில்லை, அதன் விளிம்புகள் மூடியவையா என்று பார்த்தாலே புரிந்துவிடும்.

வாசனை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் ஏற்படுத்தும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. சூடும் ஈரமும் கூடினால் பலகையிலிருந்து அது வெளிவருவதும் கூடும், ஆகவே புழுக்கமான ஊரில் இது கூடுதல் கவலை. இந்த வாயு குறைவாக வெளிவரும் என்பதைக் காட்டும் இ1, இ0 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியா விதிப்படி சோதித்த பலகைகளில் பிளைவுட்டுக்கு 0.05, பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்.புக்கு 0.11 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்பது உச்சவரம்பு. விளிம்பை மூடுவது இங்கும் உதவும். தண்ணீர் உள்ளே போகும் வழியில்தான் வாயுவும் வெளியே வருகிறது.

பலகை வந்து இறங்கும்போது ஒவ்வொன்றிலும் முத்திரையைப் படியுங்கள், மேலே இருக்கும் முதல் பலகையில் மட்டும் படித்தால் போதாது. கலந்து வருவது உண்டு. சுவரில் சாய்த்து நிறுத்தாமல், தரையில் சட்டங்களைப் பரப்பி, அதன்மேல் படுக்கையாக அடுக்கி, வெட்டுவதற்கு முன் இரண்டு நாளாவது அந்த அறையின் காற்றுக்குப் பழக விடுங்கள். மிச்சத் துண்டுகளில் எந்தப் பலகை, எந்த அறை என்று பேனாவால் எழுதிப் பரணில் போட்டு வையுங்கள். பின்னால் ஒரு தட்டை மாற்ற நேர்ந்தால், வருகிற தச்சருக்கு அந்தத் துண்டைக் காட்டினால் போதும்.